நாற்பத்தெட்டு வயதில் பறை கற்கலாமா?

உங்களுக்கு நாற்பத்தெட்டு வயது, வங்கி வேலை, இசை எதையும் முறையாகக் கற்றதில்லை. பொங்கல் விழா ஒன்றில் பறையாட்டம் பார்த்த நாளிலிருந்து அந்த ஒலி உங்களை விடவில்லை. இனிமேல் தொடங்கினால் மேடையேறும் அளவுக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், "வீட்டில் இதைச் சாவுமேளம் என்கிறார்கள், எங்கள் குடும்பத்தில் யாரும் இதைத் தொட்டதில்லை" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வயதைப் பற்றிய கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். அந்தக் கடைசி வரிக்குள் இருப்பது, இந்தக் கலையில் என் போன்றவருக்கு இடம் உண்டா என்ற கேள்வி. உங்களை உண்மையில் தயங்க வைத்திருப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பறை அடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் குச்சியைக் கையில் எடுத்தேன். என்னைவிட இளையவரான, தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆசானிடம் கற்றேன். இன்றும் அவருடைய குழுவில்தான் அடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு அவர் நடத்தும் வகுப்பில் உடன் நின்று சொல்லிக்கொடுக்கிறேன். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்து அடிகள் (தாள வகைகள்) மட்டும்தான் எனக்குத் தெரியும். தஞ்சைப் பகுதித் தப்பாட்டத்தைப் பார்த்து ரசித்திருக்கிறேன், கற்றதில்லை. தவில், நாதசுரம் பற்றி எதுவும் சொல்லும் தகுதி எனக்கில்லை.

முதலில் உடம்பு. பறையின் எடை பெரிதல்ல. ஆனால் தோள்பட்டையில் வாரை மாட்டி, இடக்கைக்கும் விலாவுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்து, நின்றபடியும் நடந்தபடியும் அடிக்க வேண்டும். இடக்கையில் நீளமான மெல்லிய சிம்புக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அடிக்குச்சியைத்தான் கவனிப்பார்கள், ஏனென்றால் சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. வயது தன் வேலையைக் காட்டுவது சிம்புக்குச்சியில். மணிக்கட்டைத் தளர்வாக வைத்துக்கொண்டு அந்தக் குச்சியைச் சட்டத்தின் விளிம்போரமாகத் தோலில் அறைந்து எடுக்க வேண்டும். கணினி விசைப்பலகையில் பல ஆண்டுகள் இறுகிப்போன கைக்கு அந்தத் தளர்வு திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும். திரும்பிவிடும், கவலை வேண்டாம். முழங்கால் விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். பறையாட்டத்தின் அசைவுகளான அடவுகளில் குனிந்து எழுவதும் குதித்துத் திரும்புவதும் உண்டு. மூட்டு வலி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். வரிசையில் நின்று அடிப்பவர்களுக்கும் குழுவில் இடம் இருக்கிறது. காதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பத்துப் பறைகளுக்கு நடுவில் நிற்பது செவிக்குக் கேடு. உரத்த ஒலியால் போன கேட்கும் திறன் திரும்பி வராது. பயிற்சியில் ரப்பர் அடைப்பான் வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை, நான் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது நினைவாற்றல். நாற்பதுக்கு மேல் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "இத்தனை அடிகளை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா?" என்பதைத்தான். எங்கள் வகுப்பில் நான் பார்த்தது இது: பிள்ளைகள் அடியை வாயால் சொல்லிக்கொண்டே கற்கிறார்கள், பெரியவர்கள் தாளில் எழுதி எண்ணிக்கொண்டு கற்க முயல்கிறார்கள். எண்ணுகிறவர்கள் நான்காவது வாரத்தில் திணறுவார்கள். ஆறு எண்ணிக்கையில் ஓடும் நடையை மூன்று மூன்றாகக் கேட்பதா, இரண்டு இரண்டாகக் கேட்பதா என்ற இடத்தில் எண் கைவிட்டுவிடும். "ஜன ஜனக்கு ஜன" என்று உரக்கச் சொல்லி, சொன்னது நாக்கில் ஊறிய பிறகு குச்சியை எடுத்தவர்கள், ஐம்பத்தைந்து வயதிலும் பிள்ளைகளுக்கு ஈடாக வந்திருக்கிறார்கள். கணக்கையே தொழிலாகக் கொண்டிருந்த நான் சொல்கிறேன், எண்ணாதீர்கள், சொல்லுங்கள். பஸ்ஸில் போகும்போது முணுமுணுத்தால்கூடப் போதும்.

வயதானவர்களை உற்சாகப்படுத்த எல்லோரும் சொல்லும் கதைகள் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். சிவகங்கை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அறுபதை நெருங்கும் வயதில், 1985-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தால் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டவர். கடந்த 2025-இல், 99 வயதில் மறைந்தார். அமெரிக்காவில் இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறவர் எலிசபெத் காட்டன். அவர் கதை எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வட கரோலினா மாநிலத்தில் 1893-இல் பிறந்த கறுப்பினப் பெண். இடக்கைப் பழக்கம் உள்ளவர். வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரை நரம்பு மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். அதனால் மற்றவர்கள் கட்டைவிரலால் அடிநாதத்தை (கீழ்ச்சுரங்களை) மீட்ட, இவர் கட்டைவிரலால் மெட்டையும் விரல்களால் அடிநாதத்தையும் மீட்டினார். அந்த ஒலி வேறு யாரிடமும் இல்லாததாக அமைந்தது. இளம் வயதிலேயே பாட்டுக் கட்டியவர், தேவாலயத்தார் உலகியல் பாட்டு வேண்டாம் என்றதால் பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடாமல் இருந்தார். பிறகு வாஷிங்டனில் சீகர் என்ற இசைக் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்தபோது, சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தார். முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1958-இல். மேடை ஏறியது 1960-இல். கிராமி விருது வந்தபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தார்.

இந்தக் கதைகளைச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. இவர்களில் ஒருவர்கூட வயதான பிறகு கற்றவர் இல்லை. கருப்பாயி வயலிலும் வீட்டிலும் சிறு வயதிலிருந்தே பாடியவர், படம் வருவதற்கு முன்பே வானொலியில் பாடியவர். எலிசபெத் காட்டனின் கை சிறுமியாக இருந்தபோதே பழகிவிட்டது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற அமெரிக்கக் கறுப்பினப் புளூஸ் இசைப் பாடகர் 1928-இல் இசைத்தட்டுக்குப் பாடினார், பிறகு பண்ணை வேலைக்குத் திரும்பினார், 1963-இல் ரசிகர்கள் தேடிப்பிடித்த பிறகுதான் பெரிய மேடைகளில் நின்றார். இவர்களிடம் கலை எப்போதோ முதிர்ந்துவிட்டது. உலகம்தான் பிந்திக் கவனித்தது. அந்தத் தாமதத்துக்குக் காரணம் வறுமை, நிறம், சாதி, பெண் என்பது, வயது அல்ல. உங்களுடையதும் என்னுடையதும் வேறு வகைத் தாமதம். நம்மை யாரும் தடுத்து வைக்கவில்லை, நாம் வேறு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தோம். அவர்களுடைய பெயரைச் சொல்லி நமக்கு ஆறுதல் தேடினால், அவர்கள் இழந்த ஆண்டுகளை நாம் எடுத்துக்கொள்வது போல் ஆகிவிடும்.

அப்படியானால் உண்மையிலேயே பிந்தித் தொடங்குகிறவருக்கு எதுவரை எட்டும்? ஒழுங்காக வந்தால், ஓராண்டுக்குள் ஊரில் வழங்கும் அடிப்படை அடிகளைக் குழுவோடு சேர்ந்து பிசகாமல் அடிப்பீர்கள். ஒத்தையடி, சாமிச்சாட்டு, சப்பரத்து அடி என்று எங்கள் பக்கம் பெயர்கள் உண்டு. ஊருக்கு ஊர் பெயரும் மாறும், அடியும் சற்று மாறும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அடவும் சேர்ந்துவிடும். விழா மேடையில் குழுவோடு நிற்பீர்கள். இவ்வளவையும் உறுதியாகச் சொல்வேன், பலரிடம் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். முன்னால் நின்று குழுவை நடத்தும் இடம் உங்களுக்குக் கிடைக்குமா என்பது ஐயம்தான். எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஏன் கிடைக்காது என்பதை ஒரு கோயில் திருவிழாவில் தெளிவாகக் கண்டேன். சப்பரம் தெருமுனைக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் முன்னால் அடித்துக்கொண்டு போனோம். ஆசான் சப்பரத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். முனையில் கம்பத்துக் கம்பி தாழ்வாக இருந்ததால், தூக்கியவர்கள் தோள் மாற்றத் தயங்கி நடை தளர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே, கால்கள் தரையில் உரசும் ஓசை மாறியதைக் கேட்டு, அவர் அடியைப் பாதியாக நிதானப்படுத்தினார். அவர் தம்பி அதே நொடியில் கூடவே இறங்கினார். கம்பியைத் தாண்டியதும் ஆசானின் சிம்பு மூன்று முறை விளிம்பில் அறைந்தது. தூக்கியவர்கள் ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள், நடை பழைய வேகத்துக்கு வந்தது. என் கை சரியாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே நடந்தது எனக்குப் புரிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். அந்த அண்ணன் தம்பி ஐந்தாறு வயதிலிருந்து இதே தெருக்களில் அப்பாவின் பின்னால் நடந்தவர்கள். அடியைக் கற்றுக்கொள்ளலாம். எந்த நேரத்தில் எந்த அடி என்பதை வாழ்ந்துதான் பெற முடியும், அதற்கான ஆண்டுகள் நம்மிடம் மிச்சமில்லை.

பறை காய்ச்சுவதும் அப்படித்தான். மாட்டுத்தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும், ஒலி மந்தமாகிவிடும். நிகழ்ச்சிக்கு முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, தீயருகே தோலைக் காட்டி முறுக்கேற்றுவார்கள். எங்கள் ஆசான் பறையைத் தீக்கு முன் சுற்றிச்சுற்றிக் காட்டுவார், ஓரிடத்தில் நிறுத்த மாட்டார். இடையிடையே சுண்டுவிரலால் விளிம்பிலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே போவார். மரச்சட்டம் மூன்று துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்தது என்பதால், இணைப்புக்கு அருகே தோல் வேறு மாதிரி இறுகும். அந்த இடங்களுக்குச் சூடு குறைவாகக் காட்டுவார். ஒருநாள், "எப்போது போதும் என்று எப்படித் தெரிகிறது ஆசான்?" என்று கேட்டேன். "தட்டுனா விரல்ல நிக்காம ஓடும் டீச்சர்" என்றார். அந்த ஓட்டத்தை இப்போது என் விரலும் உணர்கிறது. ஆனாலும் அவர் இருக்கும்போது நான் காய்ச்சுவதில்லை. தோல் கிழிந்தால் அது அவருடைய அன்றைய கூலி.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். "சாவுமேளம்" என்று வீட்டில் சொல்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் குச்சியைத் தொடாதீர்கள். பறை இழிவானதாக ஆக்கப்பட்டது அதன் ஒலியால் அல்ல. இறப்பு வீட்டில் அடிப்பதும் ஊருக்குச் செய்தி சாற்றுவதும் குறிப்பிட்ட சாதியினர்மீது கட்டாய வேலையாகச் சுமத்தப்பட்டன. மறுத்தவர்கள் ஊரால் தண்டிக்கப்பட்டார்கள். அதனாலேயே, விடுதலை வேண்டும் என்று பறையைத் தூக்கி எறிந்த இளைஞர்கள் உண்டு. அதே விடுதலைக்காகப் பறையைக் கையில் எடுத்தவர்களும் உண்டு. எங்கள் திண்டுக்கல்லில் தலித் இளம்பெண்களைக் கொண்டு இயங்கிய சக்தி கலைக்குழு, ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த இந்தக் கருவியைப் பெண்களும் அடிக்கலாம் என்று மேடையில் காட்டியது. நான் தயங்கி நின்ற காலத்தில் அந்தப் பெண்களின் ஆட்டம்தான் என்னை ஆசானின் வாசல்வரை கொண்டுபோய் விட்டது.

இதோடு சேர்ந்து வருகிற பழம்பெருமைப் பேச்சை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்துச் சொல்கிறது, புறநானூற்றில் சாவு வீட்டிலும் மண வீட்டிலும் ஒலிக்கும் தோற்கருவிகள் வருகின்றன. இவை உறுதி. அந்தப் பறை என்பது பல வகைத் தோற்கருவிகளுக்கும் பொதுவான பெயர். இன்று நாம் தோளில் மாட்டும் இந்த ஒருமுகக் கருவிதான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது. "உலகின் முதல் இசைக்கருவி" என்று மேடைகளில் முழங்குவதற்குச் சான்று கிடையாது. அப்படிப்பட்ட பட்டம் இல்லாமலே பறைக்கு மதிப்பு உண்டு. இரண்டாயிரம் ஆண்டுப் பெருமையை உரக்கப் பேசுகிற பலர், இன்று பறை அடிப்பவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஆறாத வருத்தம்.

உங்களுக்கு இடம் உண்டா என்றால், உண்டு. ஆனால் அது விருந்தாளியின் இடம், விருந்தாளிக்குரிய ஒழுக்கம் வேண்டும். சென்னை சங்கமம் என்ற கலைவிழா 2007-இல் தொடங்கிய பிறகு நகரங்களில் பறைக்கு மேடையும் வரவேற்பும் கூடின. அந்த மேடைகளில் நம்மைப் போன்றவர்கள் நிறைய ஏறத் தொடங்கினோம். ஆங்கிலம் பேசத் தெரியும், அழைப்பிதழ் அச்சடிக்கத் தெரியும், கல்லூரி முதல்வரை நேரில் பார்க்க முடியும். இவை எதுவும் பறை ஞானம் அல்ல. இருந்தும் நிகழ்ச்சி யாருக்குப் போகிறது என்பதைப் பல நேரம் இவைதான் தீர்மானிக்கின்றன. அதனால் நான் சிலவற்றைக் கறாராக வைத்திருக்கிறேன். தனியாக நிகழ்ச்சி ஒப்புக்கொள்வதில்லை. என்னை அழைப்பவர்களிடம் ஆசானின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுவேன். இலவசமாக அடிப்பதும் இல்லை. ஓய்வூதியம் வாங்குகிற நான் "கலைச்சேவை" என்று சும்மா அடித்தால், அடுத்த முறை அதே அமைப்பாளர் ஆசானிடமும் சும்மா கேட்பார், அல்லது பாதி விலை பேசுவார். என் பங்கை மற்றவர்களைப் போலவே வாங்கி, தோல் வாங்கும் பொதுப் பணத்தில் போட்டுவிடுகிறேன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேரும்படி சிலர் எனக்குச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அந்த உதவி இந்தத் தொழிலை நம்பி வாழ்கிறவர்களுக்கானது.

சாவு வீட்டில் அடிப்பதா என்ற கேள்வி உங்களுக்கும் வரும். இதில் எனக்கே முழுத் தெளிவு இல்லை. கட்டாயத்தின் அடையாளம் என்று சாவுக்கு அடிக்க மறுக்கும் குழுக்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த வருமானம் இல்லாமல் அடுப்பெரியாத குடும்பங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஆசான், யார் மரியாதையோடு அழைத்து, பேசிய கூலியைக் கையில் கொடுக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்குப் போவார். ஊர்வழக்கம் என்று ஆணையிட்டுக் கூப்பிடுகிறவர் வீட்டுக்குப் போக மாட்டார். அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருடையது. நான் அவர் முடிவுக்குப் பின்னால் போகிறேன்.

இவ்வளவு கடுமையாகச் சொன்னதால், இதில் மகிழ்ச்சியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது ஆண்டுகள் நான் வகுப்பறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இப்போது வரிசையின் கடைசியில் நிற்கிறேன். என் மாணவர்களைவிட இளைய பையன் ஒருவன், "அக்கா, சிம்பு சாயுது, நிமித்துங்க" என்கிறான். அவன் சொல்வது சரி, நிமிர்த்துகிறேன். பன்னிரண்டு பேர் ஒரே அடிக்குள் வந்துசேரும் நொடியில் என் ஒலி எது, பக்கத்தில் நிற்பவரின் ஒலி எது என்று எனக்கே தெரியாது. பிறர் தாளில் மதிப்பெண் போட்டே கழிந்த வாழ்க்கையில் இது எனக்குக் கிடைக்காமலே போயிருக்கக்கூடும். நடுவயதில் கற்பதில் ஒரு நன்மையும் உண்டு. பேர் வாங்க வேண்டும் என்ற பதைப்பு குறைந்துவிடுகிறது, காது திறந்துவிடுகிறது. இருபது வயதில் வந்திருந்தால் ஆசான் சொன்னதில் பாதியைக் கேட்டிருக்க மாட்டேன்.

தொடங்குவதானால், மாவட்ட அரசு இசைப்பள்ளிகளைத் தேடி அலைய வேண்டாம், அங்கே வயது வரம்பு இருக்கிறது. உங்கள் ஊரில், அல்லது பக்கத்து ஊரில், பரம்பரையாக அடிக்கிற ஒரு குழுவைக் கண்டுபிடியுங்கள். அவர்கள் ஆடும் திருவிழாவுக்குப் போய் முழுவதும் நின்று பாருங்கள். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்காதீர்கள். என்ன கட்டணம் என்று அவர்களே சொல்லட்டும். காணொளி பார்த்துக் கற்கலாமா என்றால், அடியின் உருவம் கிடைக்கும், கைப்பிடி கிடைக்காது. தவறான பிடி மணிக்கட்டைக் கெடுத்துவிடும். முதல் மூன்று மாதம் சொந்தப் பறை வாங்காதீர்கள், ஆசான் கொடுப்பதில் பழகுங்கள். உங்கள் கை எந்த அளவுச் சட்டத்துக்குப் பொருந்தும் என்று அவர்தான் சொல்ல முடியும். வீட்டுப் பயிற்சிக்கு ஃபைபர் பறை போதும். மழைக்காலத்தில் அது தொய்யாது, தீயும் வேண்டாம். மேடையில் தோலுக்கு ஈடாகாது, ஏனென்றால் சிம்பு தோலில் எழுப்பும் அந்த அதிர்வு அதில் வராது. அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால் பறைக்குள் பழைய துணியை அடைத்து, இரவு எட்டு மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பக்கம் வருவதானால் எழுதுங்கள், ஆசானிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன்.